மேசை விளிம்பில் இரட்டை ஊசல்: நாலறை வீட்டுக்குள் செய்து முடிக்க ஒரு முழு வழிகாட்டி

என் முதல் இரட்டை ஊசல், அதாவது ஒரு தண்டின் கீழ்முனையில் இன்னொரு தண்டைத் தொங்கவிட்ட ஊசல், பதினோரு வினாடியில் நின்றுபோனது. முக்கால் மீட்டர் உயரக் கம்பம், கனமான அடிப்பலகை, பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஊசலின் கையை, அதாவது ஆடும் தண்டை, தூக்கி விட்டால் இரண்டு குட்டிக்கரணம் அடிக்கும். மூன்றாவதற்குள் சோர்ந்துவிடும். பேரிங்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி, விலை கூடிய பேரிங் வாங்கி மாட்டினேன். பதினான்கு வினாடி ஆனது. பணம் போனதுதான் மிச்சம். பிறகு ஒரு மாலை, ஊசல் ஆடும்போது கம்பத்தின் உச்சியில் சும்மா விரலை வைத்தேன். விரல் நடுங்கியது. ஊசலின் தெம்பையெல்லாம் கம்பம் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது வீட்டில் இருப்பது நான்காவது ஊசல். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடுகிறது. முதல் இருபது வினாடியில் அது செய்யும் சேட்டையைப் பார்க்கவென்றே அக்கா மகன் சனிக்கிழமைதோறும் வந்துவிடுகிறான். அதில் இருப்பது சாதாரண ஸ்கேட்போர்டு பேரிங். மாறியது ஊசலைத் தாங்கி நிற்கும் கட்டை மட்டும்தான். ஆடும் பாகத்துக்கு ஒரு பங்கு உழைத்தால், ஆடாத பாகத்துக்கு மூன்று பங்கு உழைக்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே விகிதத்தில்தான் போகும். கட்டையைப் பற்றி நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுவதற்கு முன் கொஞ்சம் கணக்கு

ஒரு தண்டை ஒரு முனையில் மாட்டித் தொங்கவிட்டால் அது ஊசல். சுவர்க்கடிகாரத்தை ஓட்டுமளவுக்கு ஒழுங்கானது. அதன் கீழ்முனையில் இன்னொரு தண்டை மாட்டி, அதுவும் தன்னிஷ்டத்துக்குச் சுற்றும்படி விட்டால் இரட்டை ஊசல். கூடியது ஒரே ஒரு மூட்டு, ஆனால் அடுத்த ஐந்தாவது வினாடியில் அது எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அதில் தற்செயல் என்று எதுவும் இல்லை. நியூட்டனின் விதிகளை ஒரு இம்மியும் மீறாமல்தான் ஆடுகிறது. தொடங்கும் இடத்தில் இருக்கும் மயிரிழை வித்தியாசம் நேரம் போகப்போகப் பல மடங்காகப் பெருகுவதுதான் காரணம். ஆங்கிலத்தில் கேயாஸ் என்கிறார்கள், தமிழில் ஒழுங்கின்மை என்று எழுதுகிறோம். ஒழுங்கு மீறாத ஒன்றுக்கு அந்தப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதனால் கேயாஸ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இதைக் கணினியில் முதலில் கண்டு திகைத்தவர் எட்வர்ட் லாரன்ஸ் என்ற வானிலை அறிவியலாளர். 1961இல் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மறுபடி ஓட்ட நினைத்து, 0.506127 என்று இருந்த எண்ணை 0.506 என்று சுருக்கித் தட்டினார். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால், பழைய வானிலைக்கும் புதியதற்கும் சம்பந்தமே இல்லை. இரட்டை ஊசலில் இதையே கையால் அளந்தவர்கள் ஷின்பிராட், கிரெபோகி, விஸ்டம், யார்க் என்ற நால்வர். 1992இல் வெளியான அவர்களுடைய கட்டுரைப்படி, அந்த ஊசலில் பிழை வளரும் வேகம், e என்ற எண்ணின் (2.718) மேல் வினாடிக்கு 7.5 என்ற அடுக்கு. கணக்குப் போட்டால் ஒரே வினாடியில் ஏறக்குறைய 1,800 மடங்கு. அதாவது விடும்போது பத்தில் ஒரு பாகை தவறினால், ஒரு வினாடி கழித்து அது 180 பாகை. கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதே தெரியாது.

ஆனால் எப்படி விட்டாலும் கேயாஸ் வந்துவிடும் என்றில்லை. கொஞ்சமாகத் தூக்கி விட்டால் இரண்டு கைகளும் ஒரே பக்கமாகவோ எதிரெதிராகவோ ஒழுங்காக ஆடிக்கொண்டிருக்கும், தாலாட்டுத் தொட்டில் மாதிரி. இரண்டும் ஒரே நீளம், ஒரே எடையுள்ள தண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை நேர்கோடாக நீட்டிப் பிடித்து 60 பாகைக்குள் விட்டால், எந்தக் கையும் தலைகுப்புறச் சுற்றவே முடியாது. அதற்கான ஆற்றல் கணக்கில் இல்லை. 60ஐத் தாண்டினால் சுற்றலாம், சுற்றாமலும் போகலாம். நூறு பாகைக்கு மேல் போனால்தான் வேடிக்கை. நாம் செய்யப்போவதில் கைகளின் நீளமும் எடையும் சற்று வேறுபடுவதால் அந்த 60 இன்னும் கொஞ்சம் குறையும், மற்றபடி போக்கு இதேதான்.

சாமான் வாங்குவது

சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரையிட்ட நடைபாதையில்) நடந்தால் வன்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும். அலுமினியப் பட்டை, போல்ட், நட் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். எல்இடி, நாணய பேட்டரி போன்றவற்றுக்கு சிம் லிம் டவர். பக்கத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் நிற்காதீர்கள், அது கணினி, கைப்பேசி வாங்கும் இடம். சுங்கை ரோடு பழஞ்சந்தை இருந்திருந்தால் கருவிகளும் அங்கேயே கிடைத்திருக்கும். 2017 ஜூலையில் அதை மூடியதிலிருந்து அரத்தைக்கூடப் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வாங்க வேண்டியவை: 18 மி.மீ. பிளைவுட் ஒரு சிறு பலகை. 30 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் உள்ள அலுமினியப் பட்டை அரை மீட்டர். 608 பேரிங் மூன்று. ஸ்கேட்போர்டுக்கு எட்டு எட்டாக விற்கும் அதே சாமான்தான், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, கனம் 7 மி.மீ. அதே கடையில் பேரிங் ஸ்பேசர் என்று 10 மி.மீ. நீளக் குழாய்த் துண்டுகள் கிடைக்கும், ஐந்து வேண்டும். ஸ்பீட் வாஷர் என்ற சிறு வளையம் ஒரு கைப்பிடி. 8 மி.மீ. தடிமனுள்ள எம்8 போல்ட் இரண்டு: ஒன்று 90 மி.மீ., பாதி மரை உள்ளது. மற்றது 35 மி.மீ., முழு மரை உள்ளது. சாதா நட் ஒன்று, நைலான் நட் இரண்டு. பலகையை மேசையோடு இறுக்கிப் பிடிக்க, வாய் 75 மி.மீ.க்கு மேல் திறக்கும் ஜி கிளாம்ப் இரண்டு. மரப்பசை, மரத் திருகாணி, இரண்டு குழாயாக வரும் எப்பாக்சி பசை, மரையை இறுக்கும் நீலப் பசை. கருவி நீங்கலாக எனக்கு அறுபது சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்தது.

வாஷர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா எம்8 வாஷர் 16 மி.மீ. அகலம். அதைப் பேரிங்கோடு ஒட்டி வைத்தால் உள்வளையத்தைத் தாண்டிப் பக்கத்து மூடியில் உரசும். ஸ்பீட் வாஷர் உள்வளையத்தை மட்டும் தொடும் அளவில் சின்னது.

பட்டையைக் கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். நான் போன கடையில் இருந்த சீன அங்கிள் “240 ஒண்ணு, 200 ஒண்ணு” என்று அட்டையில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, “எதுக்கு?” என்றார். கைகளால் ஆட்டிக் காட்டினேன். ஏதோ பூஜை மணிக்கு என்று நினைத்திருப்பார் போல, தலையாட்டிவிட்டு இயந்திர ரம்பத்தில் இரண்டு நிமிடத்தில் வெட்டித் தந்தார். வீட்டில் கைரம்பத்தால் அறுத்திருந்தால் அரை மணி நேரம், மேலும் மாடி முழுக்கக் கேட்கும் சத்தம்.

கட்டை: ஆடாத பாகம்

உயரமான கம்பத்தை மறந்துவிடுங்கள். ஊசல் மேசைக்கு மேலே ஆட வேண்டும் என்று யார் சொன்னது? மேசை விளிம்புக்கு வெளியே ஆடட்டும். அச்சு மேசைப் பரப்பிலிருந்து எட்டு சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் போதும், கை கீழே இறங்க விளிம்புக்கு வெளியே வேண்டிய இடம் இருக்கிறது. எட்டு சென்டிமீட்டர் கட்டையை அசைக்க ஊசலால் முடியாது. இந்த ஒரு யோசனை வர எனக்கு மூன்று ஊசல் தேவைப்பட்டது.

பிளைவுட்டில் 120க்கு 120 மி.மீ. சதுரம் மூன்று வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். 54 மி.மீ. கனமுள்ள கட்டை கிடைக்கும். இந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. இருபக்கமும் 7 மி.மீ. ஆழத்துக்குப் பேரிங் இறங்கினால், நடுவில் மிஞ்சுவது சரியாக 40 மி.மீ. நான்கு ஸ்பேசர்கள் அடுக்கினால் அதே 40. பிளைவுட் சில சமயம் அரை மி.மீ. குறைவாக வரும், ஆகவே பசை காய்ந்ததும் அளந்து பாருங்கள். குறைந்தால் பேரிங் குழியின் ஆழத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம்.

ஸ்பேசர் எதற்கு? ஸ்கேட்போர்டு சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தவருக்குத் தெரியும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கும். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்பட்டு, குண்டுகள் பிடித்துக்கொள்ளும். குழாய் இருந்தால் இறுக்கம் முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கினாலும் பேரிங் வெண்ணெய் போல ஓடும்.

இனி துளை. இந்தத் திட்டத்தில் கை நடுங்கக் கூடாத இடம் இதுதான். சதுரத்தின் நடுவில் குறி போட்டு, 3 மி.மீ. டிரில் பிட்டால் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை நேராகத் துளைக்க வேண்டும். கைடிரில் சாய்ந்துபோகும். அதற்கு ஒரு பழைய தந்திரம்: பயன்படாத குறுந்தகடு ஒன்றைக் கட்டையின்மேல் வைத்து, நடு ஓட்டை வழியாகப் பிட்டை இறக்குங்கள். தகட்டில் பிட்டின் பிம்பம் தெரியும். பிட்டும் பிம்பமும் வளையாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் டிரில் செங்குத்து. ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பிறகு 22 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட். தட்டையான அடியோடு குழி தோண்டும் பிட் அது. அதன் நடுமுள் அந்த 3 மி.மீ. துளையைப் பிடித்துக்கொள்ளும், அதனால் இரண்டு பக்கக் குழிகளும் ஒரே அச்சில் அமையும். ஒரு பக்கம் 7 மி.மீ., திருப்பி மறுபக்கம் 7 மி.மீ. கடைசியாகத்தான் 16 மி.மீ. பிட்டால் நடுவை முழுக்கத் துளைக்க வேண்டும். வரிசையை மாற்றி 16ஐ முதலில் போட்டால் ஃபோர்ஸ்ட்னரின் முள்ளுக்குப் பிடிக்க மரம் இருக்காது, அது கட்டை முழுக்க நாட்டியம் ஆடிவிடும். 16க்குக் குறைவாகவும் வேண்டாம், பேரிங்கின் உள்வளையம் மரத்தில் உரசும்.

பேரிங் இரண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தி, ஸ்பேசர்களை நடுவில் அடுக்கி, 90 மி.மீ. போல்ட்டைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் அன்றைக்கு நல்ல நாள். இடித்தால் பதற வேண்டாம். ஒரு பக்கக் குழியின் சுவரை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அகலப்படுத்தி, எப்பாக்சி தடவி, பேரிங்கை வைத்து, போல்ட்டைச் செருகி, எல்லாவற்றையும் மென்மையாக இறுக்கிக் காயவிடுங்கள். பேரிங் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். என் நான்காவது ஊசலும் இப்படித்தான் நேரானது.

கட்டையை 250க்கு 150 மி.மீ. அடிப்பலகையின் முன்விளிம்போடு சேர்த்துப் பசையும் திருகாணியும் போட்டு நிறுத்துங்கள். பின்பக்கம் இரண்டு முக்கோணத் துண்டுகள் முட்டுக் கொடுக்கட்டும். அடிப்பலகை 18, கட்டையின் நடு 60, ஆக அச்சு மேசையிலிருந்து 78 மி.மீ. உயரத்தில். மேசை விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டியபடி வைத்து இரண்டு கிளாம்ப்பாலும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு கட்டையைப் பிடித்து உலுக்கினால் மேசை அசைய வேண்டும், கட்டை மட்டும் தனியாக அசையக் கூடாது. மேசையே லொடலொடப்பது என்றால் சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுங்கள். மடக்கு மேசை சரிப்படாது.

சுவரில் துளை போட்டு மாட்டினால் இன்னும் உறுதியாக இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். ஆனால் வாடகை வீடு என்றால் உரிமையாளர், சொந்த வீடு என்றால் பக்கத்து வீட்டார், பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பறை) சுவர் என்றால் அதற்கெனத் தனி விதிமுறைகள் என்று யாருக்காவது பதில் சொல்ல வேண்டிவரும். கிளாம்ப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டு கைகள்

மேல்கை 240 மி.மீ. இரு முனையிலிருந்தும் 20 மி.மீ. தள்ளி ஒவ்வொரு 8 மி.மீ. துளை, துளைக்குத் துளை 200. கீழ்க்கை 200 மி.மீ. ஒரு முனையிலிருந்து 20 மி.மீ. தள்ளி 22 மி.மீ. துளை ஒன்று மட்டும். கீழ்க்கையை ஏன் குட்டையாக்கினேன் என்றால், அது மேல்நோக்கித் திரும்பும்போது நுனி மேல் அச்சின் நட்டில் மோதக் கூடாது. என் மூன்றாவது ஊசலில் இரண்டு கைகளும் சரிசமம். பத்து வினாடிக்கு ஒருமுறை “டக்” என்று ஒரு சத்தம், அத்தோடு ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடும். 180 நீட்டிக்கொண்டு இருந்தால் நட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே நுனி முடிந்துவிடுகிறது.

8 மி.மீ. துளைகள் சுலபம். சென்டர் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்தி, 3 மி.மீ. பிட், பிறகு 8. பட்டையை மரக்கட்டையோடு சேர்த்துக் கிளாம்ப் போடாமல் கையால் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள். பிட் கடைசி நொடியில் கடித்தால் பட்டை விசிறி மாதிரி சுழன்று விரலைப் பதம் பார்க்கும்.

22 மி.மீ. துளைக்குப் படிப்படியாக அகலும் ஸ்டெப் டிரில் பிட் வாங்குங்கள். அதில் 20 வரை மட்டும் போங்கள், ஒரு பக்கம் பாதி, திருப்பி மறுபக்கம் பாதி. மீதி 2 மி.மீ.யை அரைவட்ட அரத்தால் தேய்க்க வேண்டும். அவசரக்காரர்கள் நேரடியாக 22க்குப் போவார்கள். கைடிரிலில் அது 22.5 ஆகி, பேரிங் லொடலொடக்கும்.

அரம் போடும் வேலையை நான் துணி காயப்போடும் பின்கட்டில் நாளிதழ் விரித்துக்கொண்டு செய்தேன். வட்டத்தை மனத்தில் எட்டுத் துண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து இழுப்பு, பிறகு அடுத்தது. ஒரு சுற்று முடிந்ததும் பேரிங்கின் வெளிவளையத்தில் மார்க்கர் மை தடவித் துளையில் வைத்து அழுத்தினால், எங்கே இடிக்கிறதோ அங்கே மை ஒட்டும். அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடி மை, மறுபடி பார்வை. ஏழாவது சுற்றில் பேரிங் பாதி இறங்கியது. ஒன்பதாவதில் கட்டைவிரலை வெள்ளையாகும் வரை அழுத்தியதும் “சக்” என்று உட்கார்ந்தது. முக்கால் மணி நேரம். அந்தச் “சக்” கேட்டபோது கிடைத்த திருப்தி ஊசல் ஆடியபோதுகூடக் கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் கெட்டுப்போகவில்லை, எப்பாக்சி இருக்கிறது. வெளிவளையத்தில் மட்டும் படும்படி மெல்லிதாகத் தடவுங்கள். பக்கத்து மூடிக்குள் ஒரு துளி போனாலும் பேரிங் குப்பைக்குத்தான்.

விளிம்புகளையும் நான்கு மூலைகளையும் உருட்டிவிடுங்கள். தலைகீழாக நிறுத்தி விட்டால், இரண்டு கைகளும் ஒரே தண்டாக விழுவதாகக் கணக்கிட்டாலே நுனி வினாடிக்கு நாலரை மீட்டருக்கு மேல் போகும். அது மிதிவண்டி வேகம். சாட்டை மாதிரிச் சொடுக்கும்போது இன்னும் கூடும்.

அலுமினியம் வேண்டாம், சத்தம் கூடாது என்பவர்கள் கைகளை 12 மி.மீ. பிளைவுட்டில் செய்யலாம். ஃபோர்ஸ்ட்னர் பிட்டே துளையை முடித்துவிடும். முப்பரிமாண அச்சில் செய்ய நினைத்தால் பொங்கோல் வட்டார நூலகத்தில் இருக்கும் மேக்இட் என்ற செய்முறைக் கூடத்தில் விசாரித்துப் பாருங்கள். ஆனால் எடை குறைந்தால் ஆட்டமும் குறையும். காற்றும் பேரிங்கும் பிடுங்கிக்கொள்வது அதே அளவுதான், கையிருப்போ குறைவு.

பேரிங்கைக் குளிப்பாட்டுதல்

கடையில் வாங்கிய பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டினால் இரண்டு மூன்று வினாடியில் நின்றுவிடும். உள்ளே அடைத்திருக்கும் கிரீஸ் அப்படி. கிலோக்கணக்கில் எடை தாங்கும் சக்கரத்துக்கு அது தேவை. நூறு கிராம் தண்டுக்கு அது சேறு.

ரப்பர் மூடி உள்ள பேரிங் என்றால் ஊசியால் ஓரத்தை நெம்பினால் மூடி வந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் குலுக்கி, ஊற்றிவிட்டு, மறுபடி புதிதாக ஊற்றிக் குலுக்குங்கள். இரண்டாம் முறை திரவம் தெளிவாக இருந்தால் போதும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு எரியும் சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். காய்ந்தபின் சுண்டினால் கால் நிமிடம் ஓடும், விர்ரென்று ஒரு சத்தத்தோடு.

அப்படியே காய விட்டுவிடலாம் என்று தோன்றும். இந்த ஊரில் முடியாது. விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும் இடம் இது. எண்ணெய் இல்லாத எஃகுக் குண்டு இரண்டு வாரத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, சுற்றிவிட்டு, மேலே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கோர்ப்பது

மேல் அச்சு: 90 மி.மீ. போல்ட்டின் தலை கட்டையின் பின்பக்கம். தலைக்கு அடியில் ஒரு ஸ்பீட் வாஷர், பேரிங், நான்கு ஸ்பேசர், பேரிங், முன்பக்கம் ஐந்தாவது ஸ்பேசர், அதன்மேல் மேல்கை, கடைசியில் நைலான் நட். இரண்டு 13 மி.மீ. ஸ்பேனரால் தயங்காமல் இறுக்குங்கள். போல்ட், ஸ்பேசர், கை எல்லாம் ஒரே உடம்பாகிச் சேர்ந்து சுற்ற வேண்டும். இறுக்கியதும் சுழற்சி கடினமானால் ஸ்பேசர் அடுக்கு குழிகளுக்கு நடுவே இருக்கும் தூரத்தைவிடக் குட்டை என்று பொருள். நடுவில் ஒரு ஸ்பீட் வாஷர் கூடுதலாகச் சேர்த்தால் தீர்ந்தது. பேரிங் இம்மியளவு வெளியே எட்டிப் பார்க்கும், அதனால் தொல்லை இல்லை.

இந்தக் கட்டத்தில் கீழ்க்கை இல்லாமலேயே ஒரு சோதனை. மேல்கையைப் பத்துப் பாகை நகர்த்தி விட்டு, பத்து முழு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் பாருங்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் புவியீர்ப்பு முடுக்கம் 9.78. இந்த நீளத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 7.7 வினாடி வர வேண்டும். அதிலிருந்து அரை வினாடி விலகினால் துளைகளின் இடத்தை மறுபடி அளந்து பாருங்கள். பிறகு கிடைமட்டமாகப் பிடித்து விட்டு, எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆடும்போது கட்டையில் விரலை வையுங்கள். விரல் எதையும் உணரக் கூடாது.

கீழ் மூட்டு: 35 மி.மீ. போல்ட்டை மேல்கையின் பின்னாலிருந்து செருகி, முன்பக்கம் சாதா நட்டைப் போட்டுப் பலமாக இறுக்குங்கள். அதன் மரையில் நீலப் பசை ஒரு சொட்டு. அடுத்து ஸ்பீட் வாஷர், கீழ்க்கையின் பேரிங், ஸ்பீட் வாஷர், நைலான் நட். இந்தக் கடைசி நட்டை மட்டும் தொடும் அளவுக்குத் திருகி நிறுத்துங்கள்.

நீலப் பசைக்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாவது ஊசலில் அது எதற்கு என்று விட்டுவிட்டேன். சாதா இயந்திரம் ஒரே திசையில் சுற்றும். இது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உதறிக்கொண்டே இருப்பதால் நட்டை மெல்ல மெல்லக் கழற்றிவிடும். இருபதாவது தடவை விட்டபோது கீழ்க்கை கழன்று, தரையில் வழுக்கிக் குளிர்பதனப் பெட்டிக்கு அடியில் போய் நின்றது. அக்கா மகன் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “மாமா, இது ஊசலா உண்டிவில்லா?” என்றான். அன்றிலிருந்து ஜன்னல் இருக்கும் பக்கம் இதை வைப்பதே இல்லை. பன்னிரண்டாம் மாடியிலிருந்து ஒரு அலுமினியத் துண்டு கீழே போனால் அது விளையாட்டல்ல, நீதிமன்ற வழக்கு. மேசையின் முன்னால் ஒரு மீட்டருக்குள் யாரும் உட்காரக் கூடாது என்பதும் வீட்டுச் சட்டம்.

ஆடவிட்டுப் பார்ப்பது

முதல் முறை கையால்தான் விடுவீர்கள், விடுங்கள். ஆனால் கையால் இரண்டு முறை ஒரே மாதிரி விடவே முடியாது. கேயாஸைக் காட்ட வேண்டுமானால் நூல் வேண்டும். கீழ்க்கையின் நுனியில் தையல் நூல் ஒன்றை ஒட்டுநாடாவால் ஒட்டி, மறுமுனையை மேசைமேல் நிறுத்திய ஏதாவது கனமான பொருளில் கட்டி, ஊசலை நூறு பாகைக்கு மேல் வரும்படி இழுத்துப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் அது அரிசி டின். ஊசல் அசைவற்று நிற்கும் வரை காத்திருங்கள், அரை நிமிடமாவது ஆகும். பிறகு நூலைக் கத்தரியுங்கள்.

கைப்பேசியை முக்காலியில் வைத்து வினாடிக்கு 240 படம் எடுக்கும் வேகத்தில் பிடியுங்கள். அதே இடம், அதே நீள நூல், பத்து முறை. பின்னணியில் கறுப்பு அட்டை. பத்துப் படத்தையும் முதல் நொடியிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால், முதல் வீச்சு இரட்டைக் குழந்தைகள் மாதிரி இருக்கும். இரண்டாவதில் ஒரு படம் சற்றே பின்தங்கும். எங்கே பிரிகிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் கீழ்க்கை தலைகீழாக நின்று, இந்தப் பக்கம் விழுவதா அந்தப் பக்கமா என்று தயங்கும் அந்த ஒரு கணத்தில்தான். நான் எடுத்த பத்தில் ஆறு இடப்பக்கம், நான்கு வலப்பக்கம். அதற்குப் பிறகு ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லை. அதே நூலை 40 பாகையில் கட்டிப் பத்து முறை எடுத்தால் பத்தும் கடைசி வரை கிட்டத்தட்டச் சேர்ந்தே போகும். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால்தான் பார்ப்பவருக்கு விஷயம் ஏறும். வெறும் கேயாஸை மட்டும் காட்டினால் “ஓ, சுத்துது” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரவில் செய்ய ஒன்று. சிவப்பு எல்இடி ஒன்றின் இரண்டு கால்களுக்கு நடுவே 3 வோல்ட் நாணய பேட்டரியைச் செருகி, ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றி, கீழ்க்கையின் நுனியில் ஒட்டுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கேமராவின் திறப்பு நேரத்தை எட்டுப் பத்து வினாடி வைத்துப் படம் எடுத்தால், கோலம் போடத் தெரியாதவன் போட்ட கோலம் மாதிரி ஒன்று வரும். ஒவ்வொரு முறையும் புதிது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த பேட்டரியை வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள், விழுங்கினால் தொண்டையை அரிக்கும்.

வீட்டில் வைத்துக் காப்பது

கட்டையை மேசையோடு இறுக்கியிருப்பதால், ஊசல் அடிக்கும் ஒவ்வொரு உதறலும் மேசைக் கால் வழியாகத் தரைக்குப் போகும். நமக்கு அது கேட்காது. கீழ்வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) ஒருநாள் மின்தூக்கியில் பார்த்து, ராத்திரியில் மாவு இடிக்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மறுநாளே நான்கு மேசைக் கால்களுக்கும் அடியில் யோகா பாயை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்தேன். தடித்த ரப்பராக வைத்தால் மேசையே ஆட ஆரம்பித்துவிடும், மெல்லியது போதும். பத்து மணிக்கு மேல் ஆடவிடுவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நட்டுகளையும் தொட்டுப் பார்த்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஆட்டம் திடீரென்று குறைந்தால் பேரிங்கைக் கழற்றுவதற்கு முன் கிளாம்ப்பைத் திருகிப் பாருங்கள். போன மாதம் எனக்கு ஒரு நிமிடம் நாற்பது வினாடியாகச் சுருங்கியது. இடப்பக்கக் கிளாம்ப் அரைச் சுற்று தளர்ந்திருந்தது.